ஆட்டோ ஃபோகஸா, மேனுவல் ஃபோகஸா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்களும், பல ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளில் படம் எடுத்துவருபவர்களும் ஃபோகஸ் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். ஃபிலிம் காலத்தின் கடைசி ஆண்டுகளில், லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பித்தான் நான் படம் எடுக்கக் கற்றேன். அதற்காக மோட்டாரைக் குறைசொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இன்று நான் எடுக்கும் படங்களில் பெரும்பகுதி ஆட்டோ ஃபோகஸில் எடுப்பவையே.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடித் தொகுதிகளுள் சிலவற்றை முன்னும் பின்னும் நகர்த்தி, நாம் விரும்பும் தூரத்தில் உள்ள பொருளின் பிம்பம், ஒளியைப் படமாகப் பதியும் சென்சாரின் மீது கூர்மையாக விழும்படி செய்வதே ஃபோகஸ். மேனுவலில் அந்த நகர்வைக் கை செய்கிறது. ஆட்டோவில் மோட்டார் செய்கிறது. பல கையேடுகள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் ஃபோகஸ் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எந்த இடம் கூர்மையாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஒன்று. தீர்மானித்த இடத்துக்கு லென்ஸைக் கொண்டுபோய் நிறுத்துவது மற்றொன்று.

இரண்டாவது வேலையில் இன்றைய கேமராவோடு மனிதக் கை போட்டியிட முடியாது. முதல் வேலையைத்தான் நாம் யோசிக்காமலேயே அதனிடம் ஒப்படைத்துவிடுகிறோம். முழுத் தானியங்கியாக விட்டால், கேமரா ஒரு முகத்தைத் தேடும். முகம் கிடைக்காவிட்டால், பெரும்பாலும் தனக்கு அருகில் தெளிவான விளிம்புகளோடு இருக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும். ‘ஃபோகஸ் அவுட்’ என்று சொல்லி என்னிடம் காட்டப்படும் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் எங்கோ ஓரிடம், ஒரு காது ஜிமிக்கியோ பின்னால் நிற்பவரின் சட்டைப் பொத்தானோ, துல்லியமாக இருக்கும். கேமரா தன் வேலையைச் செய்திருக்கிறது. எங்கே என்பதை மட்டும் நாம் அதற்குச் சொல்லவில்லை.

ஆட்டோ ஃபோகஸ் தூரத்தை எப்படி அளக்கிறது?

பெரும்பாலான கேமராக்கள் தூரத்தை அளப்பதே இல்லை. 1978-இல் போலராய்டு நிறுவனம் வெளியிட்ட ஒரு கேமரா, வௌவாலைப் போல் மீயொலி அலையை அனுப்பி, அது பொருளில் பட்டுத் திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டது. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே இருப்பதைப் படம் எடுக்க முயன்றால், அது கண்ணாடியின் மீதே ஃபோகஸ் செய்துவிடும். பிற்காலத்தில் நிலைத்தவை லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஆராயும் இரண்டு முறைகள்தாம்.

முதலாவது கட்ட வேறுபாட்டு முறை. மூக்கின் முன்னால் விரலை நீட்டிக்கொண்டு தொலைவில் உள்ள சுவரைப் பாருங்கள். விரல் இரண்டாகத் தெரியும். இடக்கண்ணும் வலக்கண்ணும் காணும் பிம்பங்கள் பொருந்தாததே அதற்குக் காரணம். அதேபோல், லென்ஸின் ஒரு பக்க விளிம்பு வழியாக வரும் ஒளியையும் எதிர்ப்பக்க விளிம்பு வழியாக வரும் ஒளியையும் கேமரா தனித்தனியே ஒப்பிடுகிறது. இரு பிம்பங்களும் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியுள்ளன என்பதிலிருந்து, லென்ஸை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விரைந்து ஓடும் பொருளைத் தொடர இதுவே ஏற்றது. லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்த முகக்கண்ணாடி வைத்துக் காட்சியைக் காட்டும் டிஎஸ்எல்ஆர் கேமராவில், இதற்கென்று அந்தக் கண்ணாடிக்குக் கீழே தனிச் சென்சார் இருக்கும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் படம் பதியும் சென்சாரிலேயே இந்த வசதி சேர்க்கப்பட்டுள்ளது. 2013-இல் வந்த கேனான் 70டி கேமராவில் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து இதைச் செய்தார்கள்.

இரண்டாவது மாறுபாட்டு முறை; மாறுபாடு என்பது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு (கான்ட்ராஸ்ட்). தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பவர் பிரடையைத் திருப்பிச் சரியான இடத்தைச் சற்றுத் தாண்டி, ‘தாண்டிவிட்டோம்’ என்று காதால் உணர்ந்து, மீண்டும் பின்னால் வந்து நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கேமராவும் அப்படியே லென்ஸை நகர்த்திக்கொண்டே போய், விளிம்புகளின் கூர்மை உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியதும் திரும்பி வருகிறது. அசையாத பொருளில் இது மிகத் துல்லியமானது. ஆனால் தாண்டிப் பார்க்காமல் உச்சம் எது என்று அதற்குத் தெரியாது என்பதால் மெதுவானது.

எந்த இடங்களில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும்?

மேற்சொன்ன இரு முறைகளுக்கும் விளிம்பு வேண்டும். வெள்ளைச் சுவர், மூடுபனி, மேகமில்லாத வானம், இருட்டு ஆகியவற்றில் ஒப்பிட எதுவும் இல்லை. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி, கடைசியில் எங்கோ நின்றுவிடும். ஓம குண்டத்துப் புகைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரை எடுக்கும்போதும் இதுவே நிகழ்கிறது: புகை முகத்தின் மாறுபாட்டைக் குறைக்கிறது, அனலில் காற்றே நடுங்குகிறது.

பல ஃபோகஸ் சென்சார்கள் ஒரு திசைக் கோடுகளை மட்டுமே உணர்பவை என்பதையும் நினைவில் வையுங்கள். கிடைக்கோடுகள் மட்டும் உள்ள பட்டுப்புடவைக் கரையில் ஃபோகஸ் பிடிக்கவில்லையென்றால், கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டு, மீண்டும் நேராக்கிக்கொள்ளலாம்.

மற்றொரு வகைத் தடுமாற்றத்தில் கேமரா மிகத் தெளிவாகவே ஃபோகஸ் செய்யும், ஆனால் குறுக்கே இருப்பதன் மீது: சன்னல் கம்பி, மழைத்தாரை, கிரிக்கெட் வலை. கச்சேரி மேடையில் எனக்குத் தொல்லை தருவது பாடகரின் வாய்க்கு முன்னால் நிற்கும் மைக். அதன் கம்பிவலை உருண்டையில் விளிம்புகளுக்குப் பஞ்சமே இல்லை. எங்கே ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று கேமராவுக்குக் காட்ட முகத்தின் மீது வைத்த ஃபோகஸ் புள்ளி சற்றே கீழிறங்கினாலும் கேமரா மைக்கைப் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்து பாடுபவர் தூரம் மாறாதவர் என்பதால், கண்ணின் மீது ஒருமுறை ஃபோகஸ் பிடித்துவிட்டு உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். அவர் வயலின்காரர் பக்கம் திரும்பிப் பேசிவிட்டு நிமிரும்போது மட்டும் மறுபடி சரிபார்த்தால் போதும்.

தாலி கட்டும் நேரத்தில் எதை நம்புவது?

கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவர்கள். நானும் பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தில், நகரும் பொருளுக்கேற்ப விடாமல் மாறிக்கொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸில், எல்லாப் ஃபோகஸ் புள்ளிகளையும் திறந்துவைத்துக்கொண்டு மணமேடைக்கு எதிரே நின்றேன். கெட்டிமேளம் கொட்டியது, என் தலைக்குப் பின்னாலிருந்து அட்சதை பறந்துவந்தது. மாலையில் கணினியில் திறந்து பார்த்தபோது, மஞ்சள் தடவிய அரிசி மணிகள் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் என்னும் அளவுக்குக் கூர்மையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் மணமக்கள் மங்கலாக ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். அந்த முடிச்சை இன்னொரு முறை போடச் சொல்ல முடியாது.

இப்போது நான் செய்வது இதுதான். தாலி தட்டில் வைத்து எல்லோரிடமும் காட்டப்படும் நேரத்திலேயே என் இடத்தைப் பிடித்துக்கொள்வேன். மணமகளின் கழுத்தருகே ஒற்றைப் புள்ளியை வைத்து ஆட்டோவில் ஃபோகஸ் பிடித்துவிட்டு, லென்ஸின் சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளிவிடுவேன். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள சென்சார் கொண்டது) 35 மி.மீ. லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, எஃப் 5.6-இல் வைத்து (எண் சிறிதாகத் திறப்பு அகலும்) 2.5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 3.8 மீட்டர் வரை கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும். மணமகன் குனிந்தாலும், நாத்தனார் பின்னாலிருந்து மூன்றாவது முடிச்சுப் போட வந்தாலும், அந்த எல்லைக்குள் அடங்கிவிடுவார்கள். அட்சதை இனி எவ்வளவு பறந்தாலும் லென்ஸ் அசையாது. இதைச் சிலர் மேனுவல் ஃபோகஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; ஆட்டோவில் பிடித்து மேனுவலில் பூட்டுவது என்று வேண்டுமானால் சொல்லலாம். என் அனுபவத்தில் மேனுவல் சுவிட்சின் மிகப் பயனுள்ள வேலை இந்தப் பூட்டுவேலையே.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் கேமரா வந்த பிறகும் மேனுவல் தேவையா?

உருவப்படங்களுக்கு இந்த வசதி பெரும் வரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 வைத்து 1.5 மீட்டர் தூரத்தில் உள்ள முகத்தை எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியே அதற்குமேல் இருக்கும். பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பவரின் கண்ணை, இவ்வளவு மெல்லிய ஆழத்துக்குள் கையால் தொடர்ந்து பிடிப்பது எனக்கு முடியாத காரியம்.

ஆயினும் எந்த முகத்தின் கண் என்பதைக் கேமரா அறியாது. பேத்தியை மடியில் வைத்திருக்கும் பாட்டியைப் படம் எடுக்கும்போது யாருடைய கண் முக்கியம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பரதநாட்டிய மேடையில் சிக்கல் வேறு விதமானது. ஆடுபவர் கையைக் கேமராவை நோக்கி நீட்டி முத்திரை பிடிக்கும் அந்தக் கணத்தில் படத்தின் உயிர் விரல்களில் இருக்கிறது. கேமராவோ கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். முகத்தேடலை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறும் வேலையை ஒரு பொத்தானுக்கு ஒதுக்கிவைத்திருந்தால், அந்தக் கணத்தை இழக்க வேண்டியதில்லை. இதற்கு முழு மேனுவல் தேவைப்படாது.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டுச் சட்டகத்தை மாற்றுவது சரியான முறையா?

தூரமும் ஆழமும் மிகுதியாக இருந்தால் சரியே. அருகிலிருந்து அகன்ற அப்பர்ச்சரில் எடுத்தால் தவறாகும். ஃபோகஸ் ஆகும் பரப்பு கேமராவைச் சுற்றி வளைந்திருப்பதில்லை, சென்சாருக்கு இணையான தட்டையான சுவர்போல் நிற்கிறது. 1.5 மீட்டர் தூரத்தில் உள்ள கண்ணில் நடுப்புள்ளியை வைத்துப் பூட்டிவிட்டுக் கேமராவை 15 பாகை திருப்பினால், அந்தச் சுவரும் கூடவே திரும்பி, கண்ணுக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் போய் நிற்கும். இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஐந்து சென்டிமீட்டர் பிழை என்றால், காதுதான் கூர்மையாக இருக்கும். அதற்குப் பதிலாகப் புள்ளியையே கண்ணின் மீது நகர்த்துங்கள்.

வளையத்தைத் திருப்பும்போது சரியான இடத்தில் நின்றதை எப்படி அறிவது?

முதலில், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் இருக்கும் சிறு டயாப்டர் சக்கரத்தை உங்கள் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். உள்ளே தெரியும் எழுத்துகளும் எண்களும் கூர்மையாகத் தெரியும்வரை அதைத் திருப்ப வேண்டும். வெளியுலகைப் பார்த்துச் சரிசெய்யக் கூடாது. ‘எனக்கு மேனுவல் வராது’ என்று சொல்லி வந்த ஒருவரிடம் நான் மாற்றியது இந்தச் சக்கரத்தை மட்டுமே.

பழைய ஃபிலிம் கேமராக்களின் நடுவட்டத்தில் பிம்பம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டு பாதிகளையும் ஒட்டவைத்தால் வேலை முடிந்தது. இன்றைய டிஎஸ்எல்ஆர்களில் அது இல்லை. அவற்றின் திரை ஆட்டோ ஃபோகஸையும் வெளிச்சத்தையும் முன்னிட்டுச் செய்யப்பட்டது; லென்ஸ் எஃப் 1.4-ஆக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியும் ஆழம் ஏறத்தாழ எஃப் 2.8-க்கு உரியது. ஆகவே வியூஃபைண்டரில் கூர்மையாகத் தெரிந்தது படத்தில் மங்கலாக இருப்பதற்கு உங்கள் கண்ணைக் குறைசொல்ல வேண்டாம். ஃபோகஸ் சரியானதும் வியூஃபைண்டருக்குள் எரியும் பச்சைப் புள்ளி ஓரளவு உதவும். முக்காலி இருந்தால், பின்புறத் திரையில் காட்சியை நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பதே உறுதியான வழி.

மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸ் பீக்கிங் என்ற வசதி, கூர்மையான விளிம்புகளுக்குச் சிவப்போ மஞ்சளோ பூசிக் காட்டும். அது காட்டுவது மாறுபாட்டை மட்டுமே. நரைத்த தாடியில் தாடி முழுவதும் சிவப்பாக மின்னும். அதற்குள் உண்மையான கூர்மை எங்கே என்பது தெரியாது. இடத்தை ஏறத்தாழக் கண்டுபிடிக்கப் பீக்கிங்கையும், முடிவாக நிறுத்தப் பெரிதாக்கலையும் பயன்படுத்துங்கள்.

விண்மீன்களை எடுக்க வளையத்தை முடிவிலிக்குத் தள்ளினால் போதாதா?

போதாது. ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் வளையம் முடிவிலியை, அதாவது எல்லையற்ற தொலைவுக்கான இடத்தை, தாண்டியும் திரும்பும்; வெப்பத்தால் லென்ஸின் பாகங்கள் விரிந்து சுருங்குவதற்கும், மோட்டார் தாண்டிப் போய்த் திரும்புவதற்கும் இடம்விட்டே அப்படிச் செய்கிறார்கள். கடைசிவரை திருப்பினால் விண்மீன்கள் சிறு வடைகளாகப் பதியும். கொல்லிமலையிலோ ஜவ்வாது மலையின் காவலூர்ப் பக்கமோ இருட்டான இடத்தில் நின்று, அகன்ற அப்பர்ச்சரில், லைவ் வியூவில் மிகப் பிரகாசமான விண்மீனையோ வியாழனையோ பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தை நூலளவு நூலளவாகத் திருப்புங்கள். பிறகு வளையத்தின் மீது ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இரவு ஏறக் குளிர் கூடும்போது ஒருமுறை மறுபடி பாருங்கள். மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் வளையம் கண்ணாடியோடு நேரடியாக இணைக்கப்படாமல் மின்குறிப்பு மட்டுமே அனுப்புவதால், கேமராவை அணைத்துப் போட்டாலும் ஃபோகஸ் இடம் மாறக்கூடும். அங்கே டேப்பாலும் பயனில்லை.

பூச்சி, நகை போன்ற நெருக்கப் படங்களுக்கு?

பொருளின் உண்மை அளவே சென்சாரில் விழும்படி நெருங்கி, எஃப் 8-இல் எடுத்தால்கூட, ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். இந்நிலையில் நம் மூச்சே ஃபோகஸைக் கெடுக்கும். குதிக்கும் சிலந்தியின் கண்ணை எடுக்க, தேவையான உருப்பெருக்கத்துக்கு வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடலைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே சாய்த்து, கண் கூர்மையாகும் அந்த நொடியில் அழுத்துவேன். பத்தில் ஒன்று தேறும். முக்காலியும் அசையாத நகையும் என்றால் பெரிதாக்கிப் பார்த்து மேனுவலில் வைப்பதே எளிது.

பறக்கும் பறவையை மேனுவலில் எடுக்க முடியுமா?

ஆட்டோ ஃபோகஸ் பரவலாகாத 1985-க்கு முன் எடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்கள். ஆனால் இன்று அதை வலிந்து செய்வதில் பொருள் இல்லை. வேடந்தாங்கல் கரையில் நின்று, கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் சங்குவளை நாரையைத் தொடர வேண்டுமென்றால் தொடர் ஃபோகஸை வையுங்கள். நிக்கான், சோனி கேமராக்களில் அது ஏஎஃப்-சி. கேனான் டிஎஸ்எல்ஆரில் ஏஐ சர்வோ. லென்ஸில் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருந்தால் அருகாமையை விலக்கிவிடுங்கள். லென்ஸ் வீணாக முன்னால் ஓடித் திரும்பும் நேரம் மிச்சமாகும்.

பறவை தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரத்துக்குள் போனவுடன் நிலைமை தலைகீழாகும். முன்னால் உள்ள கிளைகளையே கேமரா பிடிக்கும். அப்போது கூட்டின் மீது முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட்டு, பறவை வந்து இறங்கக் காத்திருப்பது பழைய வழி, இன்றும் பலிக்கிறது.

தெருவில் எடுக்கும்போது சிலர் கேமராவைக் கண்ணிலேயே வைப்பதில்லையே, எப்படி?

தூரத்தை முன்பே நிறுத்திவைத்திருப்பார்கள். ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ் 3 மீட்டர் என்று வைத்தால், ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். மதுரை மாசி வீதியில் நடந்து போகும்போது எதிரே வரும் எவரும் இந்த எல்லைக்குள்தான் இருப்பார். எந்த ஆட்டோ ஃபோகஸும் இதைவிட வேகமாக இருக்க முடியாது. இங்கே ஃபோகஸ் செய்யும் நேரமே கிடையாது. தூர அளவுகள் பொறிக்கப்பட்ட பழைய லென்ஸ் இதற்கு மிக வசதி. மூன்று மீட்டர் என்பது எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக்குவதுதான் உழைப்பு. என்னுடைய ஆறு செருப்பு நீட்டம் ஏறத்தாழ 1.75 மீட்டர், பத்துச் செருப்பு நீட்டம் ஏறத்தாழ மூன்று மீட்டர் என்று அளந்துவைத்துப் பழகினேன்.

வீடியோவுக்கு எது?

நிழற்படத்தில் முடிவு மட்டுமே பதிகிறது. வீடியோவில் தேடுவதும் தடுமாறுவதும் சேர்ந்து பதிகின்றன. நடந்துவரும் ஒருவரை ஒற்றை ஆளாகப் பின்தொடர்கிறீர்கள் என்றால் இன்றைய முகத்தேடலை நம்பலாம். இருவர் பேசும் காட்சியில் ஃபோகஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எப்போது, எவ்வளவு மெதுவாக மாற வேண்டும் என்பது கதையின் முடிவு. திரைப்படப் படப்பிடிப்பில் இதற்கென்றே ஃபோகஸ் புல்லர் இருக்கிறார். கேமராவின் உடலில், குறுக்கே கோடு செல்லும் ஒரு வட்டக் குறியைப் பார்த்திருப்பீர்கள். சென்சார் அல்லது ஃபிலிம் இருக்கும் தளத்தைக் காட்டுவது அது. அங்கிருந்து நடிகரின் கண்வரை டேப்பால் அளந்து, வளையத்தின் மீது குறியிட்டுக்கொண்டு அவர் வேலை செய்வார். சினிமா லென்ஸின் வளையம் முக்கால் சுற்று அளவுக்குச் சுழல்வதால் குறிகளுக்கு இடையே போதிய இடம் இருக்கும். ஆட்டோ ஃபோகஸ் லென்ஸின் வளையமோ மோட்டாரின் வேகத்துக்காகச் சிறிய திருப்பத்திலேயே முழுத் தூரத்தையும் கடந்துவிடும். கையால் நுணுக்கமாகத் திருப்ப அது தோதாக இல்லாததன் காரணம் அதுவே.

என் நிக்கான் கேமராவில் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஆட்டோ ஃபோகஸ் ஆகவில்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. இதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோ ஃபோகஸ் கேமரா 1977-இல் வந்த கோனிகா சி35 ஏஎஃப். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் மோட்டாரை உடலுக்குள் வைத்து முழு அமைப்பாகக் கொடுத்தது 1985-இல் மினோல்டா. அதில் தன் காப்புரிமை மீறப்பட்டதாக ஹனிவெல் நிறுவனம் தொடுத்த வழக்கு, 1992-இல் மினோல்டா 12.75 கோடி டாலர் கொடுத்ததில் முடிந்தது. கேனான் 1987-இல் பழைய லென்ஸ் பொருத்தும் வாயையே கைவிட்டு, மோட்டாரை லென்ஸுக்குள் வைத்து இஓஎஸ் வரிசையைத் தொடங்கியது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் அன்று எவ்வளவு கொதித்திருப்பார்கள் என்று நினைத்துப்பார்க்கலாம். நிக்கான் 1959-இல் வந்த தன் பொருத்துவாயை மாற்றாமல், கேமரா உடலில் இருக்கும் மோட்டார் ஒரு சிறு திருகின் வழியே லென்ஸைச் சுழற்றும்படி செய்தது.

2006-இல் வந்த டி40 முதல், டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. ஆகவே தனக்குள் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை லென்ஸ் அவற்றில் மேனுவலில் மட்டுமே வேலைசெய்யும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருந்தால் மோட்டார் லென்ஸிலேயே இருக்கிறது. இசட் வரிசை மிரர்லெஸ் கேமராக்களில் பழைய லென்ஸ்களைப் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் அந்தத் திருகு இல்லை. லென்ஸின் பெயரில் வரும் ஏஎஃப்-எஸ் வேறு, கேமரா மெனுவில் ஒருமுறை ஃபோகஸைக் குறிக்கும் ஏஎஃப்-எஸ் வேறு. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தவர்கள், பழகுபவர்களை எண்ணிப் பார்க்கவில்லை. பழைய லென்ஸை விற்கும் முன், வாங்குபவரின் கேமரா எது என்று கேட்டுவிடுவது நாகரிகம்.

ஆட்டோவில் எல்லாப் படமும் ஒரே அளவு பின்னால் போய்க் கூர்மையாகிறது. என்ன செய்வது?

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சாரும் படம் பதியும் சென்சாரும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒளி செல்லும் பாதையில் மயிரளவு வேறுபாடு இருந்தால் இப்படி ஆகும். கேமராவுக்கு நேராக ஒரு பிஸ்கட் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன் பக்கத்தில் ஓர் அடிக்கோலைச் சாய்த்து வையுங்கள். முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் மிக அகன்ற அப்பர்ச்சரில் பெட்டியின் எழுத்தில் ஃபோகஸ் செய்து எடுத்தால், அடிக்கோலில் எந்த எண் கூர்மையாக இருக்கிறது என்பதிலிருந்து பிழை தெரிந்துவிடும். உங்கள் கேமராவில் நுண்திருத்த வசதி இருந்தால் மெனுவிலேயே சரிசெய்யலாம். இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். மிரர்லெஸில் சென்சாரே பார்த்துச் சென்சாரே பதிவதால் இந்தத் தொல்லை அரிது.

ஆட்டோவில் இருக்கும்போதே வளையத்தைக் கையால் திருப்பலாமா?

லென்ஸைப் பொறுத்தது. கேனானின் வளைய வடிவ மீயொலி மோட்டார் உள்ள லென்ஸ்களிலும், எம்/ஏ என்று சுவிட்சில் எழுதியுள்ள நிக்கான் லென்ஸ்களிலும் தாராளமாகத் திருப்பலாம்; ஆட்டோ பிடித்த இடத்திலிருந்து நூலளவு திருத்திக்கொள்ள அது மிக வசதி. விலை குறைந்த சிறு மோட்டார் லென்ஸ்களிலும், உடல் மோட்டாரால் சுழலும் லென்ஸ்களிலும் அப்படிச் செய்தால் பற்சக்கரம் தேயும். சுவிட்சை மேனுவலுக்கு மாற்றிவிட்டே திருப்புங்கள்.

வேலை முடிந்ததும் சுவிட்சைத் திரும்ப ஆட்டோவுக்குத் தள்ளவும் மறவாதீர்கள். இரவு முழுவதும் மலையில் விண்மீன் எடுத்துவிட்டு, டேப்பைப் பிரிக்காமலேயே கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். குழந்தை அழுத முதல் பதினேழு படங்களிலும் முடிவிலி மிகக் கூர்மையாக இருந்தது.